லாரி இல்லை, கல்யாணப் பொண்ணு

கோகிலவாணியின் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லாதபோது, அவள் ஏறியிருந்த கார் மேம்பாலத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, "முன்னால் சுவர் இருக்கிறது" என்றது.

"சொவரா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சென்னியப்பன் கண்ணாடியில் மூக்கு இடிக்க எட்டிப் பார்த்தார். "எங்கெ அம்மிணி சொவரு? எனக்கு ஒன்னையும் காணமே."

சுவர் இல்லைதான். கோயம்புத்தூரின் ஆலங்குட்டை மேம்பாலம் வெயிலில் பளபளவென்று நேராகக் கிடந்தது. முன்னால் ஒரு வெள்ளை வேன். அதற்கும் ஏதோ சுவர் தெரிந்திருக்க வேண்டும், நின்றுவிட்டது. வேனுக்கு முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் தெரிந்திருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நின்ற ஐம்பது அறுபது கார்களுக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் வேறு வேறு சுவரைப் பார்த்து மிரண்டு, மஞ்சள் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றன. பின்னால் வந்தவையும் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டன.

"உங்க கம்பெனிக் காருதானே?" என்றார் அண்ணன்.

"காரு வேற கம்பெனிண்ணா. அதோட கண்ணு எங்களது."

கோகிலவாணிக்கு நாற்பத்தாறு வயது. அவள் வேலை செய்த விழியன் நிறுவனம் வண்டிகளுக்கு ரேடார் செய்து கொடுத்தது. வண்டிகளில் இருந்த கேமராக்களையெல்லாம், வழியில் போகிறவர்கள் முகம் பதிவாகிறது என்று மக்கள் வழக்குப் போட்டுக் கழற்ற வைத்துவிட்ட காலம் அது. ரேடார் ஒன்றுதான் கண். அந்தக் கண்ணுக்கு எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று சொல்லிக் கொடுத்தது கோகிலவாணியின் குழு. சந்தேகம் வந்தால் நில் என்ற விதியை எழுதியவளே அவள்தான். அந்த விதி இன்று அவளையே நிறுத்திவிட்டது.

அதுவும் இந்த நாளில். பதிவாளர் அலுவலகத்தில் அவர்களுக்குக் கொடுத்த நேரம் பன்னிரண்டே கால். பன்னிரண்டரைக்குப் பதிவாளர் வேறு ஊருக்குக் கிளம்புகிறார். கல்யாண நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இன்று கையெழுத்து விழவில்லையென்றால் மறுபடி நோட்டீஸ், மறுபடி ஒரு மாதக் காத்திருப்பு. இதற்கு முன்னால் இரண்டு தேதி வைத்து இரண்டும் கெட்டுப்போயிருந்தன. இரண்டு முறையும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே நாளில் டெல்லிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஒருவரை எதிர்த்து ஒருவர் வாதாடுவதற்காக.

மாப்பிள்ளை சவரிநாதன் வானிழை என்ற நெட்வொர்க் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். தெருவிளக்குக் கம்பம்தோறும் ஒரு குட்டி டவர் வைத்து ஊர் முழுவதையும் இணைப்பது வானிழையின் திட்டம். அவர்கள் கேட்ட அலைவரிசை ரேடார் அலைவரிசைக்கு அடுத்த வீடு. அது கூடவே கூடாது என்று விழியன் சார்பில் கோகிலவாணியும், கூடும் என்று வானிழை சார்பில் சவரிநாதனும் இரண்டு வருடம் மேசைக்கு மேசை மாறி உட்கார்ந்து கத்தினார்கள். கத்திக் கத்திக் களைத்து, ஒரு நாள் இருவரும் ஒரே கேண்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். மீதி தானாக நடந்தது.

அண்ணனுக்கு மட்டும் அது தானாக நடக்கவில்லை. வேதக்காரப் பையன், கிறிஸ்தவர் என்றதும் சென்னியப்பன் பேச்சை நிறுத்தியவர், ஒரு வருடம் திருப்பூரிலேயே இருந்துகொண்டார். இன்று காலை ஆறு மணிக்கு யாரும் கூப்பிடாமல் வந்து நின்றார். கையில் மூன்று பெரிய சதுர எவர்சில்வர் தட்டு, மூன்றிலும் மைசூர்பாகு. "கையெழுத்து எங்கெ போடோணும்?" என்று மட்டும் கேட்டார். மூன்றாவது சாட்சி அவர்தான். மற்ற இரண்டு பேர் மாப்பிள்ளையோடு பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தார்கள்.

"அம்மிணி," என்றார் இப்போது, சட்டைக் கையை மடித்தபடி. "நாஞ் சொல்லிப்போடறேன். இன்னைக்கு வந்துட்டேன். இன்னொரு நாளைக்குக் கூப்பிட்டா வருவனான்னு எனக்கே தெரியாது. எம் மனசு அப்படி."

"தெரியும்ணா." கோகிலவாணி போனை எடுத்து, இயர்போனைக் காதில் மாட்டினாள்.

சவரிநாதன் முதல் மணியிலேயே எடுத்தார். "வாணி, எங்க வாரீங்க? இங்க பூவெல்லாம் வாங்கி வச்சாச்சு."

"உங்க டவரை எத்தன மணிக்கு ஏத்துனீங்க?"

"பத்து அம்பத்திரண்டுக்கு. டெல்லி அனுமதி குடுத்தப்புறம் முதத் தடவையா, ஊர் முழுக்க ஒரே நேரத்துல. நம்மாளு ஒருத்தன்கூடத் தடுமாறலை, தெரியுமா? ஏன்?"

"எங்க காரு பத்து அம்பத்திரண்டுக்கு நின்னுச்சு."

"தற்செயலா இருக்கும்."

"எண்பத்து மூணு வண்டிக்கும் ஒரே நொடியில தற்செயலா?"

"நீங்க எண்ணுனீங்களா?"

"வேற என்ன வேலை எனக்கு இங்க? மடியில டேப்லெட் இருக்கு, அதுல தெரியுது. நாதன், இந்தப் பாலத்துல கம்பம் நெருக்கம், உங்க டவர் ரொம்பச் சத்தமாப் பேசுது."

"உங்க காருதான் பயந்தாங்கொள்ளி. டெல்லியிலயே சொன்னேன்."

"நானும் டெல்லியிலயே சொன்னேன், இப்படித்தான் ஆகும்னு!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிக்கிற நேரமில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நாற்பத்தாறு வயதில் கல்யாணப் புடவையும் மல்லிகைப்பூவுமாக மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையோடு அலைவரிசைச் சண்டை போடுகிறவளுக்கு அடக்க முடியவில்லை. அரக்கு நிறக் கோரா காட்டன் புடவை குலுங்கியது. அண்ணன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன அம்மிணி நடக்குது? எனக்குப் புரியறாப்புல சொல்லு."

"காரு ஒரு கூப்பாடு போடும்ணா. அது எதுலயாவது பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர்றதை வெச்சு, எதுத்தாப்புல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்கும். இப்ப பக்கத்துல டவரும் கூப்பாடு போடுது. அதை இது தன்னோட சத்தம்தான் திரும்பி வருதுன்னு நெனச்சுக்குது. இல்லாத சொவரு தெரியுது."

"கோயில் நோம்பியில மைக்செட்டுக்குப் பக்கத்துல நின்னு போன் பேசறாப்புல."

"அதேதான்."

"அப்பொ கெடக்குது. பேயைப் பாத்துட்டு நின்னுபோச்சு. நின்னா யாருக்கு என்ன?"

கோகிலவாணியின் சிரிப்பு அப்போதுதான் குறைந்தது. நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சாரியில், வண்டிகள் நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாக, ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"நிக்கறதுகளைப் பத்திக் கவலையில்லண்ணா. அந்தப் பக்கம் போறதுகளுக்குக் கம்பத்து டவரெல்லாம் முதுகைக் காட்டிட்டு இருக்குது. அதுகளுக்குச் சொவரு தெரியாது. மூடுபனி போட்டாப்புல இருக்கும். பெருசு தெரியும். சிறுசு தெரியாது."

"சிறுசுன்னா?"

"குனிஞ்சிருக்கற ஆளு."

அந்த நேரத்தில் அவளுடைய மேலதிகாரி பெங்களூரிலிருந்து டேப்லெட்டில் கூப்பிட்டார். எண்பத்து மூன்று வண்டி நிற்பது அவருக்கும் தெரிந்துபோயிருந்தது. "சுவரை நம்பாதேன்னு ஒரு உத்தரவு அனுப்புங்க கோகிலவாணி. உங்க கையிலதானே அந்த அதிகாரம் இருக்கு? வண்டிகள் நகரட்டும். இல்லன்னா சாயங்காலம் நம்ம பேர்தான் நாறும்."

அனுப்பலாம். டேப்லெட்டில் இரண்டு தட்டு. எண்பத்து மூன்று வண்டிகளும் கண்ணில் தெரிவதைப் பொருட்படுத்தாமல் வழித்தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பாலத்தை விட்டு இறங்கிவிடும். பன்னிரண்டு மணிக்குள் பதிவாளர் அலுவலகம். அண்ணன் கையெழுத்து. மாலை. எல்லாம் இரண்டு தட்டில். அவள் முதல் தட்டைத் தட்டியும்விட்டாள். "உறுதியா?" என்று திரை கேட்டது.

முன்னால் நின்ற வெள்ளை வேனின் பின்கதவு திறந்தது.

பல்லடத்துக் குஞ்சுப் பண்ணை வேன் அது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் பன்னிரண்டாயிரத்தை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது, குஞ்சுகளுக்குத் துணையாக துளசிமணி என்ற பெண் மட்டும். வண்டி ஓடினால்தான் உள்ளே காற்று ஓடும். நின்று பத்து நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. உள்ளே சூடு ஏறி, குஞ்சுகள் வாய் பிளக்க ஆரம்பித்ததும் துளசிமணி பெட்டிகளை வெளியே இறக்கிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் அடுக்கத் தொடங்கினாள். ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு. மூன்றாவதை அடுக்கி முடிக்கும்போது கால் இடறி, அந்த அடுக்கு சரிந்தது.

இருபது பெட்டி. பெட்டிக்கு நூறு.

மஞ்சள் நிறம் சாலையில் கொட்டியது. கொட்டியது பரவியது. பரவியது கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு எட்டுத் திசையிலும் ஓடியது. சென்னியப்பன் "அட சாமீ!" என்று கத்தியதில் எது பயம், எது சந்தோஷம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நின்றிருந்த கார்களின் கதவுகள் படபடவென்று திறந்தன. டை கட்டியவர்கள், கோப்பு வைத்திருந்தவர்கள், ஹைஹீல்ஸ் போட்ட ஒரு வங்கி மேலாளர் அம்மாள், எல்லாரும் இறங்கி, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"மிதிச்சுப்போடாதீங்க! மிதிச்சுப்போடாதீங்கொ!" துளசிமணி தரையோடு தரையாகக் குனிந்து முந்தானையில் வாரிக்கொண்டிருந்தாள். குஞ்சுகளுக்கு அவள் முந்தானை பிடிக்கவில்லை. நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி இருந்தது. முதல் குஞ்சு அதைக் கண்டுபிடித்தது. பிறகு முந்நூறு குஞ்சுகள் கண்டுபிடித்தன. அவற்றின் பின்னாலேயே, குனிந்தபடியே, துளசிமணியும் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள்.

கோகிலவாணி டேப்லெட்டை இருக்கையில் எறிந்தாள்.

"அண்ணா! அந்தத் தட்டு மூணையும் எடு!"

"எந்தத் தட்டு?"

"மைசூர்பாகு!"

சென்னியப்பன் ஏன் என்று கேட்டு நிற்கவில்லை. அதற்காக அவரை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். கிலோக்கணக்கில் மைசூர்பாகைக் கார் இருக்கையில் அப்படியே கவிழ்த்துவிட்டு, தட்டுகளோடு ஓடிவந்தார். இருவரும் தடுப்பைத் தாண்டினார்கள். கோகிலவாணி ஒரு தட்டைத் தார்ச்சாலையில் படுக்க வைத்தாள். இரண்டாவதை அதன் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினாள்.

"மூணாவதை இந்தப் பக்கம் நிறுத்திப் புடி. மூலையாட்டம். பெட்டியோட மூலை உள்பக்கம் எப்படி இருக்கும், அப்படி!"

"எதுக்கு?"

"மூணு தகடு மூலையாச் சேந்தா வந்த சத்தம் எந்தப் பக்கமும் செதறாது. வந்த வழியே அப்படியே திரும்பிப் போகும். அந்தக் காருக்கு நாம ரெண்டு பேரும் லாரியாட்டம் தெரிவோம்!"

"லாரியா?"

"பெரிய லாரி!"

அண்ணன் முட்டி போட்டார். திருப்பூரில் மோட்டார் கடை வைத்து, ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மனிதர், வெள்ளை வேட்டியோடு சாலையில் முட்டி போட்டு எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் பத்தடியில் துளசிமணி குனிந்திருந்தாள். எதிரே பாலத்தின் மேட்டில் ஒரு நீல நிறக் கார் ஏறி வந்தது. உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணியின் காதில் இயர்போன் இன்னும் மாட்டியிருந்தது; மாப்பிள்ளை இணைப்பில்தான் இருந்தார். "நாதன்."

"இருக்கேன்."

"நிறுத்துங்க."

"இப்பவா? வாணி, எங்க தலைவர் பேசிட்டு இருக்காரு. ஊர்ல இருக்கற எல்லாத் திரையிலயும் அவர் முகம்தான். இந்த நெட்வொர்க்லதான் போகுது."

"பாலத்துல ஒரு பொம்பள குனிஞ்சிருக்கா. காரு வருது."

அடுத்த நொடி அவர் டவரை அணைத்தார். கோயம்புத்தூரில் கடை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி வரவேற்பறை, எல்லா இடத்துத் திரைகளிலும் வானிழையின் தலைவர் "நம் கனவு" என்று சொல்ல வாயைத் திறந்து, "நம் க" என்பதோடு உறைந்துபோனார். பதினொன்றே கால் வரை அவர் வாய் மூடவில்லை என்று சொல்வார்கள்.

நீலக் கார் மேட்டைத் தாண்டியது. இறக்கத்தில் வேகம் எடுப்பது போலிருந்தது. பிறகு மூக்கைத் தரையில் குத்துவது போல் குனிந்து, தட்டுகளுக்கு இருபதடி முன்னால் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, கண்ணாடியை இறக்கி, கல்யாணப் புடவையில் தட்டு ஏந்தியபடி நின்ற பெண்ணையும் அவள் காலடியில் முட்டி போட்ட பெரியவரையும் சாலை நிறைந்த மஞ்சளையும் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நின்னுபோச்சு!" என்று கத்தினார் சென்னியப்பன். "அம்மிணி! என்னைப் பாத்து நின்னுபோச்சு! நான் லாரி!"

அரை மணி நேரம் அந்தப் பாலத்தில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் அதட்டவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் கைகோத்து வளையம் கட்டி, வளையத்தைச் சுருக்கிச் சுருக்கிக் குஞ்சுகளை ஓட்டிவந்தார்கள். வங்கி மேலாளர் அம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கைப்பையில் பதினேழு குஞ்சுகளோடு வந்தார். துளசிமணி பெட்டி பெட்டியாக எண்ணி வாங்கினாள். "நூத்துக்கு மேல போடாதீங்கொ, மூச்சு முட்டிப்போயிருமுங்க." கார் இருக்கையில் கிடந்த மைசூர்பாகை யாரோ எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். பதினோரு குஞ்சுகள் வெயில் தாங்காமல் செத்துப்போயிருந்தன. துளசிமணி அவற்றைத் தனியாக ஒரு துணியில் வைத்தாள்.

கடைசிப் பெட்டி ஏறியதும் வண்டிகள் ஒவ்வொன்றாக மினுக்கலை நிறுத்திக்கொண்டு நகர்ந்தன.

பதிவாளர் அலுவலகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்தொன்பது. சவரிநாதன் வாசலிலேயே நின்றிருந்தார், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியும் கையில் இரண்டு மாலையுமாக. சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருவரும் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கதானா அந்த டவரு?"

"நீங்கதான் அந்த லாரியா?"

சென்னியப்பன் ஒரு நொடி முறைத்தார். பிறகு அவர் தொப்பை குலுங்கியது. ஒரு வருடமாகப் பேச்சு வராத தொண்டையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று தங்கையே எதிர்பார்க்கவில்லை. அவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டி, பதிவேட்டைப் பார்த்துக் கீச் என்றது.

பதிவாளர் அம்மா பேனாவை நிறுத்தினார். "சாட்சி மூணு பேர் போதும் சார். நாலாவது வேண்டாம்."

பன்னிரண்டு இருபத்து நாலுக்கு சவரிநாதனின் போனில் செய்தி வந்தது. அனுமதியில்லாமல் நெட்வொர்க்கை நிறுத்தியதற்காக அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருக்கிறார், விசாரணை பின்னர் அறிவிக்கப்படும். அவர் படித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு மாலையைக் கையில் எடுத்தார். பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கல்யாணம் முடிந்தது.

மூன்று வாரம் அவர்களுக்கு நன்றாகவே போனது. சவரிநாதன் வீட்டில் இருந்து சமைத்தார். தூத்துக்குடிக்காரர், மீன் குழம்பில் யாரையும் நெருங்க விடமாட்டார். ஊரே அவரைக் கொண்டாடியது. தன் வேலையை விட ஒரு உயிரைப் பெரிதாக நினைத்த மனிதர் என்று பேசினார்கள். விசாரணையில் அவர் சொல்ல வேண்டியதும் அது ஒன்றுதான்: நிறுத்தாவிட்டால் அந்தப் பெண் செத்திருப்பாள். வானிழைக்கு எழுதிய கடிதத்தில் துளசிமணியும் அதையே சொல்லி, பெருவிரல் நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். டவர் அணைந்தே கிடந்தது. ரேடாரும் நெட்வொர்க்கும் ஒரே ஊரில் வாழ முடியாது என்பது நிரூபணமாகிவிட்டது என்று டெல்லியில் பேசத் தொடங்கியிருந்தார்கள். விழியன் மேலதிகாரி கோகிலவாணியைப் பாராட்டி ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார்.

விசாரணைக்காக அன்று பாலத்திலிருந்த எல்லா வண்டிகளின் குறிப்புகளையும் தொகுத்துக் கொடுக்கும் வேலை கோகிலவாணியிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை படித்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

நீலக் கார் எழுதி வைத்திருந்தது: *11:09:40. மனிதர் ஒருவர், குனிந்த நிலை. சிறிய உயிர்கள் 312. வேகம் குறைக்கிறேன்.* அடுத்த வரி: *11:09:52. பெரிய உலோகப் பொருள். லாரி போன்றது. லாரி இல்லை. பின்னால் மனிதர் இருவர்.*

சவரிநாதன் டவரை அணைத்தது பதினொன்று பத்துக்கு.

அந்த விவரத்தை அவள் யாருக்கும் சொல்லாமல் விடலாம். குறிப்புகள் பல ஆயிரம் பக்கம், அந்த வரியை வேறு யாரும் தேடப் போவதில்லை. மறைக்கிறோம் என்றுகூட இல்லை, எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு விசாரணை. அந்த வரி இல்லாவிட்டால் அவர் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அது இருந்தால், தேவையே இல்லாமல் ஒரு ஊரின் நெட்வொர்க்கை அணைத்த பொறியாளர் ஆகிவிடுவார்.

"நாதன்," என்று கூப்பிட்டாள்.

அவர் கையில் கரண்டியோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன?"

"அன்னிக்குக் காரு துளசிமணியைப் பாத்துருச்சு. உங்க டவர் ஓடிட்டு இருக்கும்போதே. எங்க தட்டும் வேண்டியதில்ல, நீங்க அணைச்சதும் வேண்டியதில்ல."

"எப்படிப் பாக்கும்? மூடுபனின்னீங்களே?"

"முதல் பன்னெண்டு நிமிஷம் மூடுபனிதான். அப்புறம் காரும் கத்துக்கற சாமான், உங்க டவரும் கத்துக்கற சாமான். டவர் ஒரு நொடிக்குள்ள கொஞ்சம் பேசிட்டு நிறுத்துது. அந்த இடைவெளியில காரு கூப்பாடு போட்டுக்குது. அப்புறம் காரு நிறுத்துது, டவர் பேசுது. பதினொன்னு நாலுக்குத் தொடங்கி, பதினொன்னு ஆறுக்கெல்லாம் பாலத்துல இருந்த எல்லா வண்டியும் முறை வெச்சுப் பேசப் பழகிருச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கல."

சவரிநாதன் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப அந்த அரை மணி நேரம் ஏன் நின்னுச்சு?"

"குஞ்சுகளைப் பாத்துட்டு. ஒவ்வொரு குஞ்சையும். எண்ணி வெச்சிருக்கு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு வருஷம் டெல்லியில மாத்தி மாத்திக் கத்துனோமே வாணி. அதுக பதிநாலு நிமிஷத்துல..." என்று தொடங்கி, அதைக் கடைசி வரை சொல்லாமல் நிறுத்தினார். "சரி. நாளைக்கு அந்த வரியை முதல்ல வாசிங்க. மறைக்க வேண்டாம். நான் தப்பாத்தான் அணைச்சேன்னு இருக்கட்டும்."

"தப்பா இல்ல. அப்ப உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்லா?"

கோகிலவாணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இன்னொன்னும் இருக்கு. இதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். இங்க பாருங்க, பதினொன்னு பத்துக்கு நீங்க அணைச்சாச்சு. டவர் பேச்சு இல்ல. ஆனா வண்டிக அந்த இடைவெளியை விட்டுட்டே இருக்குது. தான் கொஞ்சம் பேசுது, நிறுத்துது, டவர் பேசட்டும்னு இடம் விடுது, மறுபடி பேசுது."

"எவ்வளவு நேரம்?"

"இன்னிக்கு வரைக்கும். மூணு வாரமா. சார்ஜ் போடற இடத்துல ஒன்னுக்கொன்னு சொல்லிக் கொடுத்திருக்கு. இப்ப ஊர்ல நாலாயிரம் வண்டி அப்படிப் பண்ணுது."

சவரிநாதன் திரைக்கு அருகில் குனிந்தார். கோடுகள் வந்தன, ஒரு சின்ன வெற்றிடம், மறுபடி கோடுகள், மறுபடி வெற்றிடம். ஒரு வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுப்பில் குழம்பு கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. இருவரும் எழவில்லை.

பிறகு அவர் போனை எடுத்தார்.

"யாருக்கு?"

அவர் காதில் வைத்தார். அந்தப் பக்கம் வானிழைத் தலைவர் எடுத்துக் கோபமாக ஏதோ சொல்வது கோகிலவாணிக்குக் கேட்டது. அவர் அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சார், சவரிநாதன் பேசுதேன். டவரை ஏத்துங்க... இல்ல சார், வேலையைப் பத்தி இல்ல. விசாரணையைப் பத்தியும் இல்ல. இன்னைக்கே ஏத்துங்க. அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க சார்."